கார்த்தேஜின் சிப்ரியானும் மறைசாட்சி வணக்கமும்

இன்றைய துனீசியாவிலுள்ள கார்த்தேஜ் நகரின் ஆயராக இருந்தவர் சிப்ரியான். உரோமைப் பேரரசர் வலேரியன் காலத்தில், உரோமைத் தெய்வங்களை வழிபட மறுத்ததால் கி.பி. 258 செப்டம்பர் 14 அன்று அவர் தலை வெட்டப்பட்டது. அப்போது நம்பிக்கையாளர்கள் அவர்முன் துணிகளை விரித்தனர் என்று அக்காலக் குறிப்பு கூறுகிறது.

பிற்காலத்தில், அவர் கொல்லப்பட்ட இடத்திலும் அடக்கம் செய்யப்பட்ட இடத்திலும் ஆலயங்கள் எழுந்தன. கல்லறையில் உணவும் மதுவும் படைத்து உண்பது உரோமையரின் பழைய குடும்ப வழக்கம். தம் முன்னோருக்குச் செய்ததையே மக்கள் மறைசாட்சிகளுக்கும் செய்தனர். சிப்ரியானின் கல்லறையில் இரவு முழுவதும் ஆடலும் பாடலும் நடந்தன. திருச்சபை அதை நிறுத்தி, இரவு விழிப்பு வழிபாட்டை ஏற்படுத்தியதை ஆயர் அகுஸ்தீனின் மறையுரை ஒன்றால் அறிகிறோம்.

401இல் கார்த்தேஜில் கூடிய ஆயர் மன்றம், மறைசாட்சியின் உடலோ திருப்பண்டமோ இல்லாத நினைவுப் பீடங்களை இடிக்க முடிவுசெய்தது. மக்கள் கலகம் செய்து தடுத்தால், அங்கே செல்ல வேண்டாம் என்று அவர்களுக்கு அறிவுரை கூறினால் போதும் என்றும் சேர்த்துக்கொண்டது. மறைசாட்சி வணக்கம் ஆயர்களின் ஆணையால் மட்டும் வளர்ந்ததன்று. மக்களின் பற்றுக்கு ஆயர்களும் இடம்கொடுக்க வேண்டியிருந்தது என்பதை இம்முடிவு காட்டுகிறது.