ஒத்தைச் செருப்பும் காணாமல் போன அணுவும்

எங்கள் ஆம்பூர் பக்கம் தோலில் ஓட்டை என்றால் நஷ்டம். உண்ணி கடித்த தடமோ, உரிக்கும்போது கத்தி பட்ட கீறலோ, தரம் பிரிக்கிறவர் கை அங்கே நின்றுவிடும், விலை இறங்கும். ஆனால் அந்த இடத்தை வெட்டித் தள்ளிவிட்டால் மிச்சத் தோல் நல்ல தோல்தான். ஓட்டையின் கதை ஓட்டையோடு சரி.

ஒரே ஓர் அணு கனமுள்ள தாளில் அப்படி முடிவதில்லை. இது எப்படித் தெரியவந்தது என்று தேடிப் போனால், தொடக்கத்தில் ஒரு தமிழர் நிற்கிறார்: 1898இல் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன். ‘ராமனோடு வேலை பார்த்தவர்’ என்று ஒரே வரியில் அவரை முடித்துவிடுகிறோம். 1930களில் கல்கத்தாவில் அவர் ஆராய்ந்தவற்றில் ஒன்று கிராஃபைட், நம் பென்சிலில் இருக்கும் அதே பொருள். அதில் கார்பன் அணுக்கள் தேன்கூடு மாதிரி பின்னிக்கொண்டு, அடுக்கடுக்காகக் கிடக்கும். அடுக்கின் வழியே மின்சாரம் ஓடுவது, குறுக்கே ஓடுவதைவிடச் சுமார் 10,000 மடங்கு எளிது என்று அவரும் என். கங்குலியும் 1939இல் காட்டினார்கள். எலெக்ட்ரான்கள் கிட்டத்தட்ட இரண்டு பரிமாணத்தில்தான் வாழ்கின்றன என்று அர்த்தம்.

1947இல் பி.ஆர். வாலஸ் ஒற்றை அடுக்குக்குக் கணக்குப் போட்டார். 2004இல் மான்செஸ்டரில் கெய்மும் நோவோசெலோவும் டேப்பை ஒட்டி அந்த அடுக்கை உரித்தே எடுத்தார்கள். அதுதான் கிராஃபீன்.

இப்போது அதில் ஓர் அணுவை எடுத்துவிடுவோம். என்ன ஆகும்?

ஷூ கம்பெனிக் கணக்கு இங்கே உதவும். தேன்கூட்டில் இடங்கள் இரண்டு வகை. இடது, வலது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் இடதுக்கும் பக்கத்தில் மூன்று வலதுகள். ஆயிரம் இடது, ஆயிரம் வலது இருந்தால், எலெக்ட்ரான் நிலைகள் பூஜ்ஜியத்துக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று ஜோடியாக அமையும். ஓர் இடது போனால் ஒரு நிலை ஒத்தையாகி, சரியாகப் பூஜ்ஜிய ஆற்றலில் நிற்கும். கம்பெனியில் மிஞ்சிய ஒத்தைச் ஷூவைக் கையில் எடுத்துக் காட்டலாம். இங்கே அது ஓரிடத்தில் இருக்காது. வலதுகளின் மேல் மட்டும் பரவி, ஓட்டையை விட்டு விலக விலக மெல்லத் தேயும்.

2010இல் மாட்ரிட் ஆய்வாளர்கள் கிராஃபைட் மேற்பரப்பில் அணுக்களைத் தட்டி எடுத்துவிட்டு, ஊடுருவல் நுண்ணோக்கியால் பார்த்தார்கள். கணக்கு சொன்ன ஆற்றலிலேயே கூர்மையான சிகரம் தெரிந்தது. அதன் தடம் சில நானோமீட்டர் தூரம் பரவியிருந்தது. அணுவுக்கும் அணுவுக்கும் இடைவெளியே 0.142 நானோமீட்டர்தான்! ஜோடியில்லாத அந்த எலெக்ட்ரான் காந்தத் தன்மையையும் கொண்டுவருகிறது.

நான் எழுதும் கோடு ஓடுவது சிலிக்கான் சிப்பில். அந்த இடத்துக்குப் போட்டியிடும் மாலிப்டினம் டைசல்ஃபைடிலும் இதே சிக்கல் உண்டு. ஒரு கந்தக அணு இல்லாவிட்டால், எலெக்ட்ரானுக்கு இடமே இல்லாத ஆற்றல் இடைவெளியில் புது நிலைகள் முளைத்து, ஓடும் எலெக்ட்ரான்களைப் பிடித்துவைத்துக்கொள்ளும். சிப் செய்கிறவருக்கு அது தலைவலி. தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் பிரிக்கிறவருக்கோ அதே ஓட்டைதான் வேதிவினை நடக்கும் இடம். அவர் வேண்டுமென்றே கந்தகத்தை எடுக்கிறார்.

கிருஷ்ணன் இந்த ஓட்டைகளைத் தேடியவரல்ல. முழுப் படிகத்தை அளந்தவர். ஆனால் எலெக்ட்ரான்கள் அடுக்குக்குள்ளேயே வாழ்கின்றன என்பது உறுதியான பிறகுதானே, அந்த அடுக்கில் ஓர் இடம் காலியானால் என்ன ஆகும் என்று கேட்கவே முடியும்? அவரைப் பற்றிய அந்த ஒற்றை வரிக்குப் பக்கத்தில் கிராஃபைட்டையும் எழுதி வைப்போம்.