உம்மாவின் குளிசைக்குப் பின்னால் ஒரு செத்த மாடு



உம்மாவுக்கு இதயத் துடிப்பு ஒழுங்கில்லை என்று கண்டுபிடித்து ஒன்பது வருடமாகிறது. அன்றிலிருந்து வார்பரின் குளிசைதான். மாதாமாதம் சுபஹ் தொழுத கையோடு கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு போய் வரிசையில் நிற்க வேண்டும், இரத்தம் கொடுக்க வேண்டும், அளவு கூட்டினார்களா குறைத்தார்களா என்று பார்க்க வேண்டும். போன வருடம் டொக்டர் குளிசையை மாற்றினார். இனி மாதாமாதம் இரத்தம் பார்க்கத் தேவையில்லை என்றார். எனக்குச் சந்தோஷம். உம்மாவுக்கு இல்லை.

"ரெத்தம் பாக்காம, மருந்து வேல செய்யுதெண்டு எப்படி மகன் தெரியும்?"

வரலாறு படிப்பிக்கிற எனக்கு இதற்குப் பதில் தெரியவில்லை. தேடிப் படித்தேன். படித்ததை இங்கே எழுதுகிறேன், நம் ஊரில் பல வீடுகளில் இதே குளிசைகள் இருக்கின்றன.

துடிப்பு தாறுமாறாகும்போது இதயத்தின் மேலறைகள் சரியாகச் சுருங்காமல் நடுங்குகின்றன. அங்கே தேங்கும் இரத்தம் கட்டியாகி மூளைக்குப் போனால் பாரிசவாதம். அதைத் தடுக்கத்தான் இந்த மருந்து. இரத்தத்தை இளக்கும் மருந்து என்கிறோமே தவிர, அது இரத்தத்தைத் தண்ணியாக்குவதில்லை. உறைவதைத் தாமதப்படுத்துகிறது, அவ்வளவுதான்.

கதை மாட்டில் தொடங்குகிறது. 1920களில் கனடாவிலும் அமெரிக்காவின் வடபகுதியிலும் மாடுகள் சின்னக் காயத்துக்கே இரத்தம் நிற்காமல் செத்தன. பூஞ்சணம் பிடித்த ஒரு வகைத் தீவனப்புல்தான் காரணம் என்று ஸ்கோஃபீல்ட் என்ற மிருக வைத்தியர் கண்டார். ஆனால் புல்லுக்குள் இருக்கும் பொருள் எதுவென்று யாருக்கும் தெரியவில்லை. 1933 பெப்ரவரியில், கடும் பனிப்புயலுக்குள், எட் கார்ல்சன் என்ற விவசாயி செத்த மாட்டையும், உறையாத இரத்தம் நிறைந்த பால் கேனையும், அந்தப் புல்லையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஏறத்தாழ 300 கிலோமீற்றர் தள்ளியிருந்த விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே கார்ல் பால் லிங்க் என்ற இரசாயன விஞ்ஞானியின் கதவைத் தட்டினார். மாட்டுக்கு அவர் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆனால் அவருடைய ஆய்வுகூடம் ஆறு வருடம் விடாமல் தேடி, 1939இல் அந்தப் பொருளைப் பிரித்தெடுத்தது.

அதன் வழியில் செய்த இன்னொரு பொருள்தான் வார்பரின். பெயரின் முற்பகுதி, ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்த விஸ்கொன்சின் பழைய மாணவர் ஆராய்ச்சி நிதியத்தின் ஆங்கில முதலெழுத்துகள். (நம் பழைய மாணவர் சங்கங்களில் இருப்பவர்கள் இந்த வரியை இரண்டு தரம் வாசிக்கவும்.) 1948இல் அது சந்தைக்கு வந்தது, எலிப்பாஷாணமாக!

ஆம், அது உண்மைதான். இதைக் கேள்விப்பட்டு குளிசையைத் தூக்கிப் போட்ட ஒரு பெரியவரை எனக்குத் தெரியும். ஆனால் மிச்சக் கதையையும் கேட்க வேண்டும். 1951இல் ஓர் அமெரிக்கப் படைவீரர் சாக நினைத்து அந்தப் பாஷாணத்தைத் தின்றார். வைத்தியர்கள் வைட்டமின் கே கொடுத்துக் காப்பாற்றினார்கள். விளைவை மாற்ற முடியும் என்றால் மனிதருக்கும் கொடுக்கலாமே என்ற எண்ணம் வலுத்தது. 1954இல் அனுமதி கிடைத்தது. அடுத்த வருடம் மாரடைப்பு வந்த ஜனாதிபதி ஐசனோவருக்கே கொடுத்தார்கள். பாஷாணமா மருந்தா என்பதை அளவுதான் தீர்மானிக்கிறது.

அந்த அளவுதான் உம்மாவின் மாதாந்தப் பயணம். வார்பரின் வைட்டமின் கேயின் வேலையைத் தடுக்கிறது. முருங்கையிலைச் சுண்டலிலும் மற்றக் கீரைகளிலும் அதே வைட்டமின் இருக்கிறது. ஒரு கிழமை நிறையச் சாப்பிட்டு மறுகிழமை விட்டால் இரத்தத்தின் கணக்கு மாறும். முன்பு ஒவ்வோர் ஆய்வுகூடமும் ஒவ்வொரு கணக்குச் சொன்னது. 1983இல் உலக சுகாதார நிறுவனம் எல்லாருக்கும் பொதுவான அளவுகோலைக் கொண்டுவந்தது. கொப்பியில் ஐ.என்.ஆர். என்று எழுதுவது அதைத்தான். துடிப்பு ஒழுங்கில்லாதவர்களுக்குப் பொதுவாக 2க்கும் 3க்கும் இடையில் இருக்க வேண்டும்.

2009இல் 18,113 பேரிடம் செய்த ஆய்வில் டபிகாட்ரன் என்ற புதுக் குளிசை வார்பரினுக்குச் சளைத்ததல்ல என்று தெரிந்தது. பிறகு ரிவரொக்சபான், அபிக்சபான் வந்தன. மாதாந்தப் பரிசோதனை வேண்டாம், கீரைக்குப் பயப்பட வேண்டாம். மாறியவர்களிடம் "சுமை எவ்வளவு, பலன் எவ்வளவு" என்று கேட்கும் ஆய்வுகளில், சுமை குறைந்ததென்று சொல்பவர்கள்தான் அதிகம். அது நியாயமே.

ஆனால் திருப்தி வேறு, பொருத்தம் வேறு. 2023இல் வெளியான நெதர்லாந்து ஆய்வொன்று, 75 வயதைத் தாண்டிய பலவீனமான முதியவர்களைப் பார்த்தது. பழைய மருந்திலேயே இருந்தவர்களில் ஒரு வருடத்தில் 9.4 வீதமானோருக்குக் கவனிக்கத்தக்க இரத்தக்கசிவு. புதியதுக்கு மாற்றியவர்களில் 15.3 வீதம். வாதக்காய்ச்சலால் வால்வு பழுதாகித் துடிப்புக் கெட்டவர்களுக்கு, ரிவரொக்சபானை விடப் பழைய மருந்தே உயிரைக் கூடக் காத்தது என்று 2022இல் 4,500க்கும் மேற்பட்டோரிடம் செய்த ஆய்வு காட்டியது. செயற்கை உலோக வால்வு வைத்தவர்களுக்கும் வார்பரின்தான். ஆகவே பக்கத்து வீட்டு மாமிக்கு மாற்றினார்கள் என்று நாமாக பாமசியில் வாங்கி மாற்றக் கூடாது.

உம்மாவின் கேள்விக்கு டொக்டர் சொன்ன பதில்: புதுக் குளிசை கீரைக்கு அசையாது, அதனால் அளவு நிலையாக இருக்கும். ஆனால் சிறுநீரகம் சரியா என்று இடைக்கிடை பார்க்கத்தான் வேண்டும். இன்னொன்றையும் அவர் சொன்னார், அதை நாங்கள் பட்டுத்தான் விளங்கிக்கொண்டோம். நிந்தவூரில் ஒரு கலியாண வீட்டுக்குப் போன உம்மா குளிசையை மறந்துவிட்டு, "ரெண்டு நாள்தானே மகன்" என்றா. வார்பரின் விட்டாலும் சில நாள் உடம்பில் தாக்குப்பிடிக்கும். புதியது ஒரு நாளிலேயே போய்விடும். பழக்கமோ பழைய மருந்தினுடையது. அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை. அல்ஹம்துலில்லாஹ், ஒன்றும் நடக்கவில்லை.

இப்போது உம்மாவின் ஃபோனில் இரண்டு நேரமும் அலாரம் அடிக்கிறது. சிறுநீரகப் பரிசோதனைக்கு அடுத்த மாதம் திகதி தந்திருக்கிறார்கள். பழைய கிளினிக் கொப்பியை இப்போதே பையில் எடுத்து வைத்துவிட்டா.