பட்டை ரம்பமும் நம் தொழிற்கல்வியும்

ஒரு சமுதாயத்தின் வரலாற்றை அரசாணைகளிலும் மாநாட்டுத் தீர்மானங்களிலும் தேடுவது வழக்கம். அச்சமுதாயத்தார் கைகளுக்கு எந்தக் கருவி எட்டியது, எந்தக் கருவி எட்டாமற் போயிற்று என்று வினவினாலும் அவ்வரலாறு புலப்படும். திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி வட்டாரத்துப் பட்டறைகளில் மரத்தையும் இரும்பையும் அறுக்கும் பட்டை ரம்பத்தை, அதாவது பட்டறைப் பேச்சில் ‘பேண்ட் சா’ என வழங்கும் இயந்திரத்தை, அந்நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நிலமும் கருவியும்

திருவள்ளூர் தனி மாவட்டமானது 1997ஆம் ஆண்டில்தான். அதற்கு முன் இவ்வட்டாரம் முழுவதும் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அம்மாவட்டத்தின் ஆட்சியர் டிரெமன்ஹீர் 1891ஆம் ஆண்டில் நம் மக்களின் நிலைமை குறித்து அரசுக்கு அறிக்கை அளித்தார். பிறர் நிலத்தில் உழைத்து, பிறர்க்குரிய மனையில் குடியிருந்த அவலத்தை அவ்வறிக்கை எடுத்துரைத்தது. அதன் பயனாக 1892ஆம் ஆண்டில் அரசாணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் இன்றும் பேசுவது அதன் வழி வந்ததே.

நிலத்தைப் போன்றே தொழிலும் பிறப்பால் பங்கிடப்பட்டிருந்தது. தச்சும் கொல்லும் குலத்தொழில்களாக இருந்தன. தந்தை மகனுக்குக் கற்பித்தான்; மாமன் மருகனுக்குக் கற்பித்தான். கூலி உழவனின் மகன் உளி பிடிக்கக் கற்பதற்கு அவ்வமைப்பில் இடமில்லை. ஊருக்கு ஏரும் அரிவாளும் செய்தவர் ஒருவர். அவற்றைக் கொண்டு உழுதவரும் அறுத்தவரும் வேறொருவர். கருவியைச் செய்யவும் சீர்செய்யவும் அறிந்தவனுக்கே ஊரில் பேரம் பேசும் வலிமை இருந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

ஓயாது ஓடும் ரம்பம்

கைவாளால் அறுக்கும்போது பாதி உழைப்பு வீணாகிறது. வாள் ஒரு திசையிற் செல்லும்போதே அறுக்கும், மறுதிசையில் வெறுமனே திரும்பும். பல் வெட்டிய எஃகுப் பட்டையை வளையமாக்கி இரு சக்கரங்களின் மீது ஓடவிட்டால் அறுப்பு இடையறாது நிகழும். இவ்வெண்ணத்திற்கு இங்கிலாந்தில் வில்லியம் நியூபெரி என்பார் 1808-09ஆம் ஆண்டுகளிலேயே காப்புரிமை பெற்றார். ஆயினும் இயந்திரம் பயனுக்கு வரவில்லை. பட்டையின் இரு முனைகளையும் இணைத்த இடம், சக்கரத்தில் வளைந்து நிமிர்ந்து ஓடுகையில் மீண்டும் மீண்டும் அறுந்தது.

ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் தேங்கிக் கிடந்த அச்சிக்கலை அவிழ்த்தவர் ஒரு பெண்மணி. பிரான்சு நாட்டின் ஆன் பொலேன் கிரேப்பேன் 1846ஆம் ஆண்டில் முனைகளை உறுதியாகப் பற்றவைக்கும் முறையைக் கண்டு காப்புரிமை கோரினார். அவ்வுரிமையைப் பாரிசு நகரத்துப் பெரேன் நிறுவனம் வாங்கி, நல்லெஃகும் நல்ல பதமும் சேர்த்து, நீண்டு உழைக்கும் பட்டைகளைச் செய்தது. உலோகத்தை அறுக்கும் பட்டை ரம்பம் அமெரிக்காவில் 1930களில் பரவலாயிற்று.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் ஒன்றுண்டு. பெரிய சக்கரங்களும் எந்திர விசையும் இருந்தும், ஒரு சிறு இணைப்பைச் சரிவரச் செய்யும் அறிவு இல்லாதவரையில் இயந்திரம் வெறும் இரும்பாகவே கிடந்தது. இன்றும் பட்டறையில் நிலைமை அதுவே. இயந்திரத்தை வாங்கப் பணம் போதும். ஓடச் செய்வதற்கு அறிவு வேண்டும்.

பூட்டிச் சீர்செய்யும் முறை

நிமிர்ந்த வகைப் பட்டை ரம்பத்தைப் பூட்டும் முறையை இங்கே சுருங்கக் கூறுவோம். முதற்கண் மின்சாரத்தை முற்றிலும் துண்டித்தல் வேண்டும். பட்டையில் பற்களின் அடிப்பள்ளத்திலும் பற்றவைத்த இடத்திலும் வெடிப்பு உண்டா எனப் பார்த்து, பற்கள் மேசையை நோக்கிக் கீழ்முகமாக இருக்குமாறு சக்கரங்களில் ஏற்றவேண்டும். அதற்கு முன்பே பக்கத் தாங்கிகளையும் பின் தாங்கியையும் விலக்கிவைத்தல் இன்றியமையாதது. இல்லையேல் பட்டையின் உண்மையான போக்கு தெரியாது.

பின்னர் பட்டையின் அகலத்திற்கேற்ப இழுவிறைப்புக் கொடுக்கவேண்டும். தொய்ந்த பட்டை வளைந்து அறுக்கும். அளவு மீறி இறுகியது அறுந்துபோகும். மேற்சக்கரத்தைக் கையால் மெல்லச் சுழற்றி, அதன் சாய்வைச் சிறிது சிறிதாக மாற்றினால் பட்டை சக்கரத்தின் நடுவே நிலைபெற்று ஓடும். அதன்பின் பக்கத் தாங்கிகளைப் பற்களின் பள்ளத்திற்குச் சற்றுப் பின்னால், ஒரு தாள் நுழையும் இடைவெளியில் நிறுத்துதல் வேண்டும். அவை பற்களைத் தொட்டால் பல்லின் கூரும் விரிவும் கெடும். பின் தாங்கியோ, அறுக்கும்போது மட்டும் பட்டையைத் தாங்கவேண்டும். வெறும் ஓட்டத்தில் தொடலாகாது. மூலைமட்டம் வைத்து மேசையையும் பட்டையையும் செங்கோணமாக்கி, மேல்தாங்கியை அறுபடும் பொருளுக்குச் சில மில்லிமீட்டர் உயரத்தில் நிறுத்தினால், பட்டையும் நேராக நிற்கும். விரலுக்கும் காப்பு உண்டாகும்.

வேகமும் பல்லும் பொருளுக்கேற்ப வேறுபடும். மரத்திற்கு நிமிடத்திற்கு ஏறத்தாழ 900 மீட்டர் வேகம் தகுமெனில், மென்னெஃகிற்கு அதில் பத்தில் ஒரு பங்கும் மிகையாகும். எப்பொருளாயினும் குறைந்தது மூன்று பற்கள் அதில் பதிந்திருக்கவேண்டும். இல்லையெனில் பல் உடையும். பட்டையை மீண்டும் பற்றவைப்பவர், இணைப்பை மங்கிய செந்நிறம் வரச் சூடாக்கி மெல்ல ஆறவிட்டுப் பதம் தணிக்கவேண்டும். அங்ஙனம் செய்யாத இணைப்பு கண்ணாடி போல் நொறுங்கும். வேலை முடிந்ததும் இழுவிறைப்பைத் தளர்த்திவைப்பது பட்டைக்கும் சக்கரத்து ரப்பர் வளையத்திற்கும் ஆயுள் தரும்.

இவற்றுள் எந்தப் படியிலேனும் பிறப்பைக் கேட்கும் இடம் உண்டா? கண்ணும் கையும் பொறுமையும் கணக்கும் போதும்.

திறந்த கதவு

இவ்வுண்மையை நமக்கு முன்னரே கண்டவர் அண்ணல் அம்பேத்கர். 1942ஆம் ஆண்டில் வைசிராயின் நிருவாகக் குழுவில் தொழிலாளர்துறை உறுப்பினரான அவர், அவ்வாண்டிலேயே அளித்த விண்ணப்பத்தில், பட்டியல் வகுப்பு மாணவர்க்கு உயர்கல்வி உதவித்தொகையோடு தொழில்நுட்பப் பயிற்சிக்கும் வழி செய்யவேண்டுமெனக் கேட்டார். 1944ஆம் ஆண்டில் மெட்ரிக்கிற்குப் பிந்தைய உதவித்தொகைத் திட்டம் தொடங்கிற்று. விடுதலைக்குப்பின் 1950இல் கைவினைஞர் பயிற்சித் திட்டம் வந்தது; தொழிற்பயிற்சி நிலையங்கள் அதன் வழியே நிலைபெற்றன. 1961ஆம் ஆண்டின் தொழில்பழகுநர் சட்டத்தில், 1973ஆம் ஆண்டுத் திருத்தத்தால் பட்டியல் வகுப்பினர்க்கு இடஒதுக்கீடு சேர்ந்தது.

இதே காலத்தில் 1964ஆம் ஆண்டில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை எழுந்தது. 1971இல் சிப்காட் நிறுவனம் தோன்றி, பின்னர் கும்மிடிப்பூண்டியிலும் தொழில் வளாகம் அமைத்தது. மிராசுதாரரின் களத்துமேட்டைக் கடந்து ஆலை வாயிலுக்கு நம் மக்கள் நடந்த வழி இதுவே.

ஆயினும் வாயிலுக்குள் நுழைந்தது மட்டும் போதாது. பல பட்டறைகளில் நம் இளைஞர் ‘ஹெல்பர்’ என்னும் பெயரோடு நுழைந்து அப்பெயரோடே முதுமை அடைகின்றனர். இயந்திரத்தைப் பூட்டுபவர் வேறொருவர். பொருளைத் தூக்கிவைத்துப் பொத்தானை அழுத்துபவர் இவர். பட்டை அறுந்தால் இவர் காத்திருக்கவேண்டும். விரல் அறுந்தால் இவரே இழக்கவேண்டும். ஆபத்தான இயந்திரத்தில் இளையோரை நிறுத்துமுன் அதன் அபாயங்களை முழுமையாக அறிவித்துப் பயிற்சியும் அளித்தல் வேண்டுமென்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் 23ஆம் பிரிவு விதித்தது. கற்பிக்கப்படாத வேலையில் நிற்க மறுப்பது அடங்காமை அன்று என்பதை இளைஞர்கள் உணர்தல் வேண்டும்.

இளைஞர்களே! ஒதுக்கீட்டால் கிடைத்த இடம் நம் முன்னோர் போராடிப் பெற்ற உரிமை; அதைத் தயக்கமின்றிப் பெறுக. பெற்றபின் பொத்தானோடு நின்றுவிடாதீர். பட்டையை ஏற்றவும், இறுக்கவும், பற்றவைக்கவும், பதம் தணிக்கவும் கற்றுக்கொள்க. கற்றதை இளையவனுக்கும் தங்கைக்கும் கற்பியுங்கள். இவ்வியந்திரத்தின் பெருஞ்சிக்கலைத் தீர்த்தவர் ஒரு பெண் என்பதை நினைவிற் கொள்ளுங்கள். குலத்தொழில் என்று ஒன்று நமக்கு வேண்டாம். வேலை கற்றவர் அதை மறைக்காமல் அடுத்தவர்க்குச் சொல்லித் தரும் வழக்கம் நம் தெருவில் வேரூன்றுமானால், அதுவே இக்கல்விக் கழகத்தின் வெள்ளிவிழாவிற்கு நாம் செய்யும் சிறப்பாகும்.