பங்கீட்டு அட்டையும் ஈரூர்க் குடும்பமும்

உணவுப் பங்கீட்டை முறையாக மேற்கொள்வதில் நம் நாட்டில் முன்னின்ற பெருநகரம், நாம் பிழைக்க வந்து வாழும் இந்த மும்பையே ஆகும். பம்பாய் என அது வழங்கிய 1943-ஆம் ஆண்டு மே மாதத்தில் இங்கே பங்கீடு தொடங்கிற்று. முந்திய ஆண்டில் பர்மா ஜப்பானியர் வசமாகிவிட்டது. அங்கிருந்து ஆண்டுதோறும் கப்பலேறி வந்த அரிசி நின்றுபோயிற்று. தன் தேவைக்குப் போதிய தானியம் விளையாத பம்பாய் மாகாணம் பெரிதும் இடர்ப்பட்டது. அதே 1943-இல் வங்காளப் பஞ்சத்தில் மடிந்தவர் சுமார் 30 லட்சம் பேர் என்பர். விளைச்சல் குறைவு மட்டுமன்று, கட்டுக்கடங்காத விலையேற்றமும் அக்கொடுமைக்குக் காரணமாயிற்று.

அவ்வாண்டில் ஆராய்ந்த கிரெகரி குழு, ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் வாழும் நகரங்களில் பங்கீடு வேண்டும் என்றும், ஆளுக்கு நாளொன்றுக்கு 16 அவுன்சு தானியம் வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. 1946-இல் அந்த அளவு 12 அவுன்சாகக் குறைக்கப்பட்டது. தாராவியில் தோல் பதனிட்ட திருநெல்வேலித் தொழிலாளியும், மாதுங்காவில் குடியிருந்த அலுவலக எழுத்தரும் பங்கீட்டுக் கடையை நம்பியே அடுப்பு மூட்டினர். அரிசி போதாதபோது கோதுமையையும் சமைக்கப் பழகினர்.

நகரத்தார் அட்டையில் குறித்த தானியம் கிராமத்துக் களத்திலிருந்தே வரவேண்டும் அன்றோ? கொள்முதல் விலை தாழ்ந்தால் உழவர் நொந்தனர். சந்தை விலை உயர்ந்தால் நகரத்து ஏழையோடு, கூலிக்கு உழைத்து அரிசி வாங்கியுண்ணும் கிராமத்து ஏழையும் நொந்தான். சென்னை மாகாணத்தில் 1952 ஜூன் மாதத்தில் முதலமைச்சர் ராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டை நீக்கினார். எனினும், அரசாங்கம் தானியத்தை வாங்கிச் சேமித்து வழங்கவேண்டிய தேவை ஒழியவில்லை. சி. சுப்பிரமணியம் மத்திய உணவு அமைச்சராயிருந்த காலத்தில், 1965 ஜனவரி 14-ஆம் நாள் இந்திய உணவுக் கழகம் தோன்றியது. அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில் அமைந்தது.

இவ்வேற்பாடுகள் யாவும் ஒரு குடும்பம் ஓரூரில் வாழும் என்றே கருதின. நம் குடும்பங்களோ ஈரூர்களில் வாழ்வன. சம்பாதிப்பவர் செம்பூரிலும் தாராவியிலும். பெற்றோரும் பிள்ளைகளும் சொந்த ஊரில். லெசோத்தோவின் ஆடவர் தென்னாப்பிரிக்கப் பொற்சுரங்கங்களுக்குச் சென்றபோது, அவர்தம் மனைவியர் ஊரில் நிலத்தைக் காத்ததும் இத்தகைய வாழ்வே. ஊர் அட்டையில் பெயரை நீக்கினால் அங்கே அரிசி குறையும். நீக்காவிடில் இங்கே கடைவிலைக்கு வாங்கவேண்டும். இந்த இடர்ப்பாடு நெடுங்காலம் தீரவில்லை.

2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், முன்னுரிமைக் குடும்பத்தில் ஒருவருக்கு மாதம் 5 கிலோ தானியத்தை உரிமையாக்கியது. எம்மாநிலத்திலும் அதனைப் பெற வழிசெய்யும் ‘ஒரே நாடு, ஒரே ரேஷன் அட்டை’த் திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபர் 1-ஆம் நாள் சேர்ந்தது. ஆதாருடன் இணைந்த அட்டையைக் கொண்டு, விரல் ரேகை பதித்து ஒரு பகுதியை இங்கே பெறலாம். எஞ்சியதைக் குடும்பத்தார் ஊரில் பெறலாம்.

எனினும் ஒரு வரையறையை நாம் மறத்தலாகாது. மத்தியச் சட்டத்துக்கு உட்பட்ட அட்டைகளுக்கே இவ்வசதி உண்டு. தமிழ்நாட்டரசு தன் பொறுப்பில் மட்டும் அரிசி வழங்கும் அட்டைகளுக்கு இது பொருந்தாது. அங்கே குறைந்த விலையில் கிடைக்கும் பருப்பும் எண்ணெயும் மாநில எல்லையைக் கடப்பதில்லை. ஆதலின், நம் அட்டை எவ்வகையினது என்பதை ஊரிலுள்ளோர் வாயிலாக முதலில் கேட்டறிதல் நலம்.