கொள்ளிடக் கரையும் நம்ம வீட்டு அஸ்திவாரமும்



இயற்கைச் சீற்றம் என்றாலே நமக்கு 2004 சுனாமியும் 2018 கஜா புயலும்தான் ஞாபகத்துக்கு வரும். "நாம கடற்கரையிலயா இருக்கோம், நமக்கென்ன?" என்று தா.பழூர் பக்கத்து ஆட்கள் சொல்லலாம். ஆனால் நம் தெற்கு எல்லையில் ஓடுவது கொள்ளிடம். காவிரியில் வெள்ளம் மிஞ்சினால் அதை வாங்கிக்கொள்ளும் ஆறு அது. காவிரி பாசனத்துக்கு என்றால், கொள்ளிடம் வெள்ளத்துக்கு!

கொஞ்சம் பின்னோக்கிப் போவோம். 1836-ல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணையையும் அணைக்கரையில் கீழணையையும் கட்டினார். இந்த இரண்டு அணைக்கும் நடுவில்தான் நம் பகுதி இருக்கிறது. 1924 ஜூலையில் காவிரியில் பெருவெள்ளம் வந்தது. அடுத்த வருடம் மேட்டூர் அணை வேலை தொடங்கி 1934-ல் முடிந்தது. உபரி நீர் போக 16 கண் மதகும் கட்டினார்கள். அணை வந்துவிட்டதால் இனி வெள்ளமே இல்லை என்று நினைத்தால் அது தவறு. பவானியும் அமராவதியும் மேட்டூருக்குக் கீழே வந்துதான் காவிரியில் சேர்கின்றன. மேட்டூரும் நிரம்பிவிட்டால் வருகிற தண்ணீரை அப்படியே திறந்துவிடத்தான் வேண்டும்.

2018 ஆகஸ்டில் அதுதான் நடந்தது. மேட்டூரிலிருந்து 2 லட்சம் கன அடிக்கும் மேல் திறந்தார்கள். திருச்சியில் பழைய கொள்ளிடம் பாலத்தின் தூண்கள் இடிந்தன. ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பில் கொள்ளிடத்தின் 9 மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. 2022 ஆகஸ்டிலும் திறப்பு 2 லட்சத்தைத் தாண்டியது.

ஆறு மட்டும்தான் ஆபத்து என்றும் இல்லை. 1956 நவம்பர் 23 அன்று அரியலூர் அருகே மருதையாற்று வெள்ளம் ரயில் பாதையின் மண்கரையை அரித்துவிட்டது. தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து 100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். இந்த விபத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் சாஸ்திரியின் ராஜினாமாவோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அதில் இன்னொரு பாடமும் தெரிகிறது. இரும்புத் தண்டவாளம் உறுதியாகத்தான் இருந்தது, கீழே இருந்த மண்தான் போய்விட்டது.

வீட்டுக்கும் இதே கதைதான். பழைய வீடுகளைப் பாருங்கள். தெருவிலிருந்து படி ஏறித்தான் திண்ணைக்கே போக முடியும். சுவர் மண்ணாக இருந்தாலும் தரைமட்டம் உயரம். நெல்லுக்குக் குதிர், சாமான்களுக்குப் பரண். நாலு பக்கமும் சரிந்த கூரையைத் தாழ்வாக இறக்கியிருப்பார்கள். காற்று அதன் மேல் வழுக்கிப் போகும், மழைச்சாரலும் மண்சுவரைத் தொடாது. ஊறிவிட்டால் மண்சுவர் நிற்காது என்பது அவர்களுக்குத் தெரியும்.

இன்று கூரை போய் கான்கிரீட் வந்துவிட்டது. 2010-ல் கலைஞர் வீடு வழங்கும் திட்டம், 2011-ல் பசுமை வீடுகள், 2024-ல் கலைஞர் கனவு இல்லம் என்று அரசும் உதவியது. தீப்பிடிக்கும் பயம் குறைந்தது, நல்ல விஷயம். ஆனால் பல இடங்களில் செலவைக் குறைக்க முதலில் கை வைப்பது அஸ்திவாரத்தின் உயரத்தில்தான். தெருவில் ரோடு மேல் ரோடு போட்டு உயர்த்த உயர்த்த, வீடு பள்ளத்தில் போய்விடுகிறது. மொட்டை மாடி மட்டும் பலமாக இருந்து என்ன பயன்?

சரி, என்ன செய்யலாம்?

முதலாவது, புதிதாகக் கட்டுகிறவர்கள் டைல்ஸில் மிச்சம் பிடியுங்கள், தரைமட்ட உயரத்தில் பிடிக்காதீர்கள். சுவிட்ச் போர்டையும் கொஞ்சம் மேலே வையுங்கள்.

இரண்டாவது, பட்டா, ரேஷன் கார்டு, சான்றிதழ்களை ஒரே பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பரணில் வையுங்கள். மேட்டூரில் திறந்த தண்ணீர் நம்ம பக்கம் வர ஒரு நாளுக்கு மேல் ஆகும். அந்த நேரம் நமக்குப் போதும். மாவட்ட அவசர எண் 1077, மாநில எண் 1070.

மூன்றாவது, வணிகவியல் மாணவனாக நான் சொல்வது, காப்பீடு. 2021 ஏப்ரல் 1 முதல் 'பாரத் க்ருஹ ரக்ஷா' என்ற வீட்டுக் காப்பீட்டை எல்லா பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் கொடுக்க வேண்டும் என்று ஐ.ஆர்.டி.ஏ.ஐ. உத்தரவிட்டது. தீ, புயல், வெள்ளம், நிலநடுக்கம் எல்லாம் அதில் அடங்கும். கட்டடத்துக்கு 6 லட்சம் எடுத்தால், வீட்டுச் சாமான்களுக்கு அதில் 20 சதவீதம், அதாவது 1 லட்சத்து 20 ஆயிரம், தானாகவே சேர்ந்துவிடும். பைக்குக்கு மறக்காமல் இன்சூரன்ஸ் கட்டுகிறோம். ஆயுள் முழுக்கச் சேர்த்துக் கட்டிய வீட்டுக்குக் கட்டுகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்?

அணையையும் ஆற்றங்கரையையும் பலப்படுத்துவது அரசின் வேலை. அந்தக் கரையையும் தாண்டித் தண்ணீர் வந்தால் அதைத் தாங்க வேண்டியது நம் வீட்டுப் படிதான். அது எத்தனை அடி உயரம் என்று இந்த ஐப்பசி மழைக்கு முன்னால் ஒருமுறை அளந்து பாருங்கள் நண்பர்களே!