மஜ்ஜை தந்த மறுபிறவி



நம்ம உளுந்தூர்பேட்டையிலிருந்து திருக்கோவிலூர், திருவண்ணாமலை தாண்டிப் போனால் வேலூர். அங்கே சி.எம்.சி. மருத்துவமனையில் 1986-ஆம் ஆண்டு, டாக்டர் மாமன் சாண்டியின் குழு தலசீமியா நோய்க்கு எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை செய்தது. இந்தியாவில் இந்த நோய்க்கு அதுவே முதல் மாற்று.

தலசீமியா பிறவி நோய். சிவப்பணுக்கள் சரியாக உருவாகாது. கடுமையாகப் பாதித்த குழந்தைக்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு தடவை ரத்தம் ஏற்றணும். ஏற்றிய ரத்தத்தின் இரும்புச்சத்து இதயத்திலும் கல்லீரலிலும் தங்கிக் கெடுக்கும். ரத்தம் ஊறும் ஊற்று, மஜ்ஜையிலுள்ள ஸ்டெம் செல்கள். ஊற்றையே மாற்றினால்தான் நோய் தீரும்.

இதைக் கண்டு தேர்வதற்குள் உலகம் பட்ட பாடு கொஞ்சமல்ல. அமெரிக்காவில் டாக்டர் டொன்னல் தாமஸ் 1957-ல் தம் முதல் முயற்சிகளை வெளியிட்டார். அன்று பொருத்தம் பார்க்கும் வழியே கிடையாது, நோயாளிகள் பிழைக்கவில்லை. 1958-ல் பிரான்சின் ஜான் டாசே, எச்.எல்.ஏ. என்னும் பொருத்தத்துக்கு வழி காட்டினார். 1968-ல் மின்னசோட்டாவில் ராபர்ட் குட், அக்காவின் மஜ்ஜையைக் கொண்டு ஒரு கைக்குழந்தையைப் பிழைக்க வைத்தார். தாமஸுக்கு 1990-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இனி, பொறியாளன் கணக்கு ஒன்று. கூடப்பிறந்தவர் ஒருவர் பொருந்த வாய்ப்பு நான்கில் ஒன்று. ஒரே ஒரு தம்பியோ தங்கையோ இருந்தால் 25 சதவீதம். மூன்று பேர் இருந்தால் 58. இன்று வீட்டுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு பிள்ளைகள். அப்புறம் பொருத்தத்துக்கு எங்கே போவது? பாதிப் பொருத்தமுள்ள பெற்றோரிடமிருந்தும் இப்போது எடுக்கிறார்கள். அதில் சிக்கல் அதிகம். மற்றபடி, முன்பின் தெரியாத ஒருவர்தான் கைகொடுக்கணும்.

அதற்காகவே சென்னையில் 2009-ல் 'தாத்ரி' என்ற கொடையாளர் பதிவகம் தொடங்கப்பட்டது. 18 வயது நிறைந்தவர் பதியலாம். கன்னத்தின் உட்புறம் பஞ்சால் ஒரு தடவு, அவ்வளவுதான். பொருந்தினால் பெரும்பாலும் கை நரம்பிலிருந்தே செல்களைப் பிரித்தெடுப்பார்கள். உடல் சில வாரங்களில் ஈடுகட்டிக்கொள்ளும்.

தம்பி தங்கைகளே, ஒன்று மட்டும் மறக்காதீங்க. மாற்றுக்கு முன் குழந்தையின் பழைய மஜ்ஜையை மருந்தால் அழித்துவிடுவார்கள். அந்த நேரத்தில் கொடையாளர் பின்வாங்கினால் குழந்தையின் உயிருக்கே ஆபத்து. ஆகவே வீட்டில் பேசி, மனம் தேர்ந்து, அப்புறம் பெயர் கொடுங்கள். கொடுத்த பெயரைக் காப்பாற்றுங்கள்.