காப்பி இலைத்துரு நோய் ஆய்வு வரலாறு

சேலம் மாவட்டம் சேர்வராயன் மலையில் ஏற்காடு, நாகலூர் முதலிய ஊர்களின் முதன்மைப் பயிர்களுள் ஒன்று காப்பி. 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த எம். டி. காக்பர்ன் இப்பயிரை இம்மலைக்குக் கொண்டுவந்தார். இன்றும் இப்பயிர் இங்கு நிலைத்திருப்பதில் தாவர நோயியல் ஆய்வுக்குப் பெரும் பங்கு உண்டு.

இலைத்துரு நோய்

காப்பி இலையின் அடிப்புறத்தில் ஆரஞ்சு நிறப் பொடி படிவது இந்நோயின் அடையாளம். இலைகள் உதிர்ந்து, செடி காய்க்கும் வலுவை இழக்கிறது. ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்னும் பூஞ்சையே இதற்குக் காரணம். 1869இல் இலங்கையில் முதன்முதலாகப் பெரும் சேதம் விளைவித்த இந்நோய், சில ஆண்டுகளிலேயே தென்னிந்தியத் தோட்டங்களுக்கும் பரவியது.

மார்ஷல் வார்டின் ஆய்வு

கேம்பிரிட்ஜில் பட்டம் பெற்ற மார்ஷல் வார்டு (பிறப்பு 1854) நோயை ஆராய 1880இல் இலங்கைக்கு அனுப்பப்பட்டார். கண்ணாடிச் சில்லுகளை வைத்துக் காற்றில் வரும் பூஞ்சை வித்துகளைப் பிடித்தார். ஈரமான இலையில் வித்து முளைத்து, இலைத்துளை வழியே உள்ளே நுழைவதைக் காட்டினார். உள்ளே புகுந்த பூஞ்சையை மருந்தால் அழிப்பது அரிது. வித்து முளைக்குமுன் மருந்து இலைமேல் இருக்க வேண்டும் என்பது இதிலிருந்து தெளிவானது. ஒரே பயிரை இடைவெளியின்றிப் பரப்பியதே நோய் பெருகக் காரணம் என்றும் அவர் உணர்ந்தார். ஆனால் இலங்கைக் காப்பியை அவரால் காப்பாற்ற இயலவில்லை. அவ்விடத்தைத் தேயிலை பிடித்தது.

1885இல் பிரான்சில் மில்லார்டே திராட்சை நோய்க்கெனப் போர்டோ கலவையை அறிமுகப்படுத்தினார். மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த இக்கலவை காப்பிக்கும் பயன்பட்டது. பருவமழைக்கு முன் 0.5 சதவீதப் போர்டோ கலவையை இலையின் அடிப்புறம் நனையத் தெளிக்கும் இன்றைய வழக்கத்தில் வார்டின் கண்டுபிடிப்பு அடங்கியுள்ளது. இலைத்துளைகள் இருப்பது அடிப்புறத்தில்தான்.

எதிர்ப்புத் திறனுள்ள வகைகள்

மைசூர் அரசு 1925இல் சிக்கமகளூர்ப் பகுதியின் பாலெஹொன்னூரில் காப்பி ஆய்வு நிலையம் அமைத்தது. 1930களில் அங்கு பணியாற்றிய வில்சன் மேய்ன், துருப்பூஞ்சையில் பல இனங்கள் உண்டு என்று கண்டறிந்தார். ஓர் இனத்தைத் தாங்கும் செடி மற்றோர் இனத்துக்குப் பலியாகலாம். நோய் தாங்கும் எனப் போற்றப்பட்ட கென்ட் வகை பின்னர் தளர்ந்ததன் காரணம் இதனால் விளங்கியது. 1940களில் எஸ்.795 வகை வெளியானது. 1980களில் வந்த காவேரி வகையும் காலப்போக்கில் நோய்க்கு இடங்கொடுத்தது.

இன்றைய நிலை

பூஞ்சை மாறிக்கொண்டே இருப்பதால் எந்த வகையும் நிரந்தரத் தீர்வாகாது. ஆய்வும் ஆய்வாளரும் தொடர்ந்து தேவை. கோயம்புத்தூரில் 1971இல் பல்கலைக்கழகமான தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் தாவர நோயியல் முதுநிலை, முனைவர் படிப்புகள் உள்ளன. அதன் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் ஏற்காட்டில் இயங்குகிறது. காப்பி வாரியத்தின் ஆய்வு நிலையம் தாண்டிக்குடியில் உள்ளது. மலைக்காப்பியை நம்பி வாழும் சிறு விவசாயிக்கு இந்நிலையங்களின் பணி அடுத்த பருவத்தின் விளைச்சலோடு தொடர்புடையது.